கோடு குறையக் குறைய

அரூப ஓவியர் நஸ்ரீன் முகமதி தன் ஓவியங்களுக்குப் பெரும்பாலும் தலைப்பு வைக்கவில்லை, தேதியும் எழுதவில்லை. எது முந்தியது, எது பிந்தியது என்று ஆய்வாளர்கள் கோடுகளை வைத்தே ஊகிக்கிறார்கள். அரூப ஓவியத்தின் முன் விழித்து நிற்பவர்களுக்கும் அதுவே நல்ல வழி. என்ன வரைந்திருக்கிறார் என்று தேடாமல், கோடு எப்படி மாறியது என்று பின்தொடர்ந்தால் போதும்.

1937இல் கராச்சியில் பிறந்தவர். லண்டன் செயின்ட் மார்ட்டின்ஸ் கலைப்பள்ளியிலும் பிறகு பாரிஸிலும் படித்தார். 1972 முதல் பரோடா பல்கலைக்கழகத்தின் நுண்கலைத் துறையில் ஆசிரியர். 1960களில் அவர் கோடு தளர்வானது. நீர்த்த மையில் தூரிகை படரும். செடிகொடியோ கரையோரமோ என்று எண்ண வைக்கும். கை போன போக்கு அப்படியே தெரியும்.

எழுபதுகளில் அது அடியோடு மாறியது. கட்டட வரைபடக்காரர்களின் கருவிகள், பென்சில், மை, அவ்வளவுதான். வண்ணம் போனது, தாள் முழுக்கக் கட்டங்கள் வந்தன. அளவுகோல் வைத்துக் கோடு போட யாருக்குத்தான் வராது என்று தோன்றும். ஆனால் இங்கே வேலை கோட்டில் இருக்கும் அளவுக்கு இடைவெளியிலும் இருக்கிறது. இணைகோடுகளை நெருக்கிக்கொண்டே போனால் அந்தப் பகுதி இருண்டு உள்வாங்குவதுபோல் தெரியும். விலக்கினால் வெளுத்து முன்னே வரும். கடினமான பென்சில் மெல்லிய சாம்பல் கோடு தரும், மென்மையான பென்சில் கறுத்து விழும், மைக்கோடு இரண்டையும் மிஞ்சி எழும்பும். இவற்றை மாற்றி மாற்றி அடுக்கும்போது தட்டையான தாள் மடிந்து சாய்வது போன்ற மயக்கம் உண்டாகிறது.

அவர் புகைப்படமும் எடுத்தார். தறியில் இழுத்துக் கட்டிய பாவு நூல்கள், ஃபத்தேபூர் சிக்ரியின் கல்தளங்கள், கடற்கரை. வாழ்ந்த காலத்தில் அவற்றைக் காட்சிக்கு வைக்கவில்லை. ஓவியங்களுக்கு அவை நேரடி மாதிரி என்று சொல்லிவிட முடியாது; அந்தக் கண் எதில் நின்றது என்று மட்டும் காட்டுகின்றன.

அமெரிக்க ஓவியர் ஆக்னஸ் மார்ட்டினோடு இவரை ஒப்பிடுவது வழக்கம். கட்டம் என்ற அளவில் சரிதான். ஆனால் மார்ட்டினின் கட்டம் அமைதியாக நிற்கும், நஸ்ரீனுடையது நிற்காது. எழுபதுகளின் பிற்பகுதியில் சாய்கோடுகள் கட்டத்தை உடைத்துக்கொண்டு கிளம்பின. எண்பதுகளில் கட்டமே காணாமல் போனது. வெற்றுத்தாளில் சில சாய்கோடுகள், சில வேளை ஒரு வில்வளைவு, அவ்வளவே.

அதே ஆண்டுகளில் ஒரு நரம்பு நோய் அவர் உடலசைவைக் குலைத்துக்கொண்டிருந்தது. கோடு பிசகவில்லை. இதை வைராக்கியத்தின் கதையாகவே சொல்கிறார்கள். எனக்கு அதைவிடப் பெரிதாகப் படுவது, அந்த நிலையிலும் அவர் தெரிந்த கட்டத்துக்குத் திரும்பவில்லை என்பது. நிறைய கோடுகள் இருந்தால் ஒன்றின் பிழையை மற்றவை மறைக்கும். நான்கே கோடுகள் உள்ள தாளில் ஒளிய இடமில்லை.

1990இல் காலமானார். 2016இல் நியூயார்க்கில் மெட் பிராயர் அருங்காட்சியகம் திறக்கப்பட்டபோது அதன் தொடக்கக் கண்காட்சிகளில் ஒன்று இவருடையது. டெல்லி கிரண் நாடார் அருங்காட்சியகத்தின் சேகரிப்பிலும் இவர் ஓவியங்கள் உள்ளன. வாய்த்தால் நேரில் பார்க்க வேண்டும். அச்சில் அந்தப் பென்சில் கோடுகளில் மெல்லியவை எளிதில் தொலைந்துவிடும்.