ஒற்றைப் பீரங்கிக் கப்பலுக்குப் போரில் என்ன வேலை?

1942 நவம்பர் 11. கோக்கோஸ் தீவுகளுக்குத் தென்மேற்கே, கரை எதுவும் அருகில் இல்லாத நடுக்கடல். ராயல் இந்தியக் கடற்படையின் ‘பெங்கால்’ என்ற சிறு கப்பல், ‘ஒண்டினா’ என்ற டச்சு எண்ணெய்க் கப்பலுக்குக் காவலாக டீகோ கார்சியா நோக்கிப் போய்க்கொண்டிருந்தது. எதிரே இரண்டு ஜப்பானியக் கப்பல்கள் வந்தன: ஹொக்கொக்கு மாரு, ஐக்கொக்கு மாரு. பயணிகளுக்கும் சரக்குக்கும் கட்டப்பட்டு, போருக்காக ஆயுதம் பூட்டப்பட்டவை. ஒவ்வொன்றும் பத்தாயிரம் டன்னுக்கு மேல். 14 சென்டிமீட்டர் பீரங்கிகள், டார்பிடோ குழாய்கள், 20 நாட்டுக்கு மேல் வேகம் (ஒரு நாட் என்பது மணிக்கு ஒரு கடல் மைல்).

பெங்கால் சுமார் 650 டன். வேகம் 15 நாட். பெயர் சொல்லும்படியான பீரங்கி ஒன்றே ஒன்று, 76 மில்லிமீட்டர் வாய் கொண்டது. எண்ணெய்க் கப்பலின் பின்புறத்தில் இருந்த 102 மில்லிமீட்டர் பீரங்கி அதைவிடப் பெரியது. ஓடித் தப்பவும் முடியாது. கேப்டன் வில்லியம் வில்சன் ஒண்டினாவைத் திரும்பிப் போகச் சொல்லிவிட்டு, எதிரிகளை நோக்கிக் கப்பலைச் செலுத்தினார். ஒண்டினா ஓடவில்லை, அதுவும் சுட்டது. ஏதோ ஒரு குண்டு ஹொக்கொக்கு மாருவின் பின்பகுதியில் விழுந்தது. பெருவெடிப்பு. கப்பல் மூழ்கியது. ஒண்டினாவின் கேப்டன் இறந்தார். ஆனால் ஒண்டினா, பெங்கால் இரண்டும் கரை சேர்ந்தன. ஒண்டினா மூழ்கிவிட்டது என்றே பெங்கால் நினைத்திருந்தது. அந்தக் குண்டு யாருடையது என்ற வழக்கு இன்றுவரை தீரவில்லை. இந்தியர்கள் பெங்கால் என்பார்கள், டச்சுக்காரர்கள் ஒண்டினா என்பார்கள்.

நம் கடற்படை வரலாற்றில் இது பெருமையோடு சொல்லப்படும் கதை. பெருமைக்குக் குறையில்லை. ஆனால் ‘சிறிய கப்பலும் பெரிய கப்பலை வெல்லும்’ என்பதற்கு இதைச் சாட்சியாக இழுப்பதை நான் ஏற்கமாட்டேன். ஹொக்கொக்கு மாருவைக் கொன்றது அதன் உடலமைப்பு. வணிகக் கப்பலாகக் கட்டப்பட்டதால் வெடிபொருள்களைச் சுற்றிப் போர்க்கப்பலுக்குரிய எஃகுக் கவசம் கிடையாது. அவற்றைத் தொட ஒரு குண்டு போதும், அது எந்த அளவானாலும் சரி. அது போரின் அதிர்ஷ்டச் சீட்டு. அதை நம்பி யாரும் கப்பல் கட்டுவதில்லை.

பின் எதை நம்பிக் கட்டுகிறார்கள்? சென்னையைத் தளமாகக் கொண்ட ஐ.என்.எஸ். சுமித்ராவைப் பாருங்கள். கோவா கப்பல் கட்டும் தளத்தில் உருவாகி, 2014 செப்டம்பரில் கடற்படையில் சேர்ந்த ரோந்துக் கப்பல். 105 மீட்டர் நீளம், இரண்டாயிரம் டன்னுக்குச் சற்று மேல். முன்புறம் பெங்காலில் இருந்த அதே 76 மில்லிமீட்டர் வாயுள்ள பீரங்கி ஒன்று. இன்றைய பீரங்கி கணினி வழியே குறிபார்க்கும், தானே குண்டு நிரப்பிக்கொள்ளும் என்பது வேறு விஷயம். கப்பல்களை அழிக்கும் ஏவுகணை கிடையாது. நீர்மூழ்கியைத் தேடிக் கொல்லும் வசதியும் பெயருக்குக்கூட இல்லை.

2015 மார்ச் 31 இரவு, ஏடன் நகரில் சண்டை நடந்துகொண்டிருந்தபோது, அங்கே சிக்கியிருந்த இந்தியர்களில் 349 பேரை ஏற்றிக்கொண்டு ஜிபூட்டிக்குக் கிளம்பியது சுமித்ராதான். கப்பலின் சொந்த ஆட்கள் நூற்றுச் சொச்சம் பேர். ஏறியவர்கள் அதைப்போல மூன்று மடங்கு. பெரிய டெஸ்ட்ராயர்கள் வரும்வரை காத்திருந்தால் ஏடன் என்ன ஆகியிருக்கும் என்று சொல்ல முடியாது. அந்தக் கடலில் கடற்கொள்ளைக்காரர்களைப் பார்த்துக்கொண்டு ஏற்கெனவே சுற்றிக்கொண்டிருந்த கப்பல் என்பதால்தான் சுமித்ரா முதலில் போய்ச் சேர்ந்தது. 2023 ஏப்ரலில் சூடானிலும் இதே கதை. போர்ட் சூடானிலிருந்து ஜித்தாவுக்கு முதல் தொகுதியாக 278 பேரைக் கொண்டுசேர்த்தது சுமித்ராவின் சகோதரக் கப்பலான ஐ.என்.எஸ். சுமேதா. அந்த நடவடிக்கைக்கு ஆபரேஷன் காவேரி என்று பெயர். 1902இல் சிவனசமுத்திரத்திலிருந்து காவிரியின் மின்சாரம் வந்த கோலார் தங்கவயலில், சாம்பியன் ரீப்ஸில் உட்கார்ந்து எழுதுகிறவனுக்கு அந்தப் பெயர் கொஞ்சம் கூடுதலாகவே பிடிக்கும், மன்னியுங்கள்.

‘அங்கே ஏற்கெனவே இருப்பது’ என்ற இந்தத் தகுதி எங்கிருந்து வருகிறது? எஞ்சினிலிருந்து. கப்பலின் வேகத்தை இரட்டிப்பாக்க வேண்டுமானால் எஞ்சினின் திறனை ஏறத்தாழ எட்டு மடங்காக்க வேண்டும். தண்ணீர் அப்படித்தான் எதிர்க்கிறது. வேகம் கூடக்கூட கப்பல் தானே எழுப்பும் அலையையும் சேர்த்துத் தள்ளவேண்டும். 30 நாட் வேகத்தில் பாயும் டெஸ்ட்ராயருக்குள் பெரும்பாலும் வாயு டர்பைன்கள் இருக்கும். மெதுவாக ஓட்டினால் அவற்றின் சிக்கனம் மோசமாகிவிடும். ரோந்துக் கப்பலுக்கு 25 நாட் போதும் என்று முதலிலேயே ஒத்துக்கொண்டால் டீசல் எஞ்சினே போதும். 16 நாட்டில் நிதானமாகப் போனால் ஒருமுறை நிரப்பிய எண்ணெயில் சுமித்ரா 6,000 கடல் மைல், அதாவது 11,000 கிலோமீட்டர் போகும். சென்னையிலிருந்து ஏடன் போய்த் திரும்பலாம்.

இன்னொரு கணக்கும் உண்டு. ஓர் இடத்தில் எப்போதும் ஒரு கப்பல் நிற்க வேண்டுமென்றால் மூன்று கப்பல்கள் வேண்டும்: ஒன்று அங்கே, ஒன்று வழியில், ஒன்று பழுதுபார்ப்பில். அந்த மூன்றும் டெஸ்ட்ராயர்களாக இருந்தால் கடற்படையின் கையில் மிச்சம் எதுவும் இராது. போர்க்காலத்தில் எண்ணெய்க் கிணறுகளையும் துறைமுக வாயில்களையும் பார்த்துக்கொள்வது, சந்தேகத்துக்குரிய சரக்குக் கப்பலில் ஏறிச் சோதிப்பது, தகவலும் ஆட்களும் கொண்டுபோவது எல்லாம் தவிர்க்க முடியாத வேலைகள். 1982 ஃபாக்லாந்து போரில் பிரிட்டன் தன் மீன்வளக் காவல் கப்பல்களான லீட்ஸ் காசில், டம்பார்ட்டன் காசில் இரண்டையும் இப்படிப்பட்ட ஓட்ட வேலைக்குத்தான் வைத்துக்கொண்டது. சுரங்கத்தில் மரமும் கருங்கல்லும் அடுக்கி முட்டுக் கொடுத்தவர்களை எங்கள் ஊரில் யாரும் பெரிதாகப் பேசுவதில்லை. தங்கம் வெட்டியவர்கள் அவர்களை நம்பித்தான் உள்ளே போனார்கள்.

கண் எவ்வளவு தூரம் பார்க்கும் என்பதும் முக்கியம். பூமி உருண்டை, உயரத்தின் வர்க்கமூலத்தை 3.57ஆல் பெருக்கினால் அடிவானத் தூரம் கிலோமீட்டரில் கிடைக்கும். 20 மீட்டர் உயரக் கொடிமரத்திலிருந்து பார்த்தால் 16 கிலோமீட்டர். சாம்பியன் ரீப்ஸ் கடல் மட்டத்திலிருந்து சுமார் 850 மீட்டர் உயரம். அந்த உயரத்தில் பறக்கும் ஹெலிகாப்டரிலிருந்து நூறு கிலோமீட்டருக்கு மேல் தெரியும். பார்க்கும் பரப்பு நாற்பது மடங்கு கூடுகிறது. ஆகவே ரோந்துக் கப்பலின் பெரிய ஆயுதம் முன்புறப் பீரங்கி இல்லை, ஹெலிகாப்டர் இறங்கும் பின்புறத்து வெறுந்தளம்.

அந்த வெறுந்தளத்துக்கு நம்மவர்கள் வேறொரு வேலையும் கண்டுபிடித்தார்கள். சுகன்யா வகை ரோந்துக் கப்பல்களில் இருப்பது ஒரு 40 மில்லிமீட்டர் பீரங்கிதான். 2000 ஏப்ரலில் அவற்றில் ஒன்றான ஐ.என்.எஸ். சுபத்ராவின் ஹெலிகாப்டர் தளத்திலிருந்து பிருத்வியின் கடல் வடிவமான ‘தனுஷ்’ ஏவுகணை முதன்முதலாகச் சோதிக்கப்பட்டது. கப்பல் ஆடினாலும் ஆடாத மேடை ஒன்றைச் செய்து, அதன்மேல் நிறுத்தி ஏவியது பொறியியலில் பெரிய சாதனை. போர்த் தந்திரமாக அது என்னைக் கவரவில்லை. தனுஷின் வீச்சு சுமார் 350 கிலோமீட்டர். எதிரிக் கரைக்கு அவ்வளவு அருகே, திரவ எரிபொருள் நிரம்பிய ஏவுகணையை வெளித்தளத்தில் சுமந்துகொண்டு, விமானம் வந்தால் தடுக்க வழியில்லாத கப்பல் போகவேண்டும்.

இதே வகையில் விசாகப்பட்டினத்தில் கட்டப்பட்ட ஐ.என்.எஸ். சரயு 2000இல் இலங்கைக்குப் போய் ‘சயூர’ ஆனது. 2007இல் விடுதலைப் புலிகளுக்கு ஆயுதம் கொண்டுவந்த கப்பல்களை, கரையிலிருந்து ஆயிரம் கிலோமீட்டருக்கும் அப்பால் தேடிப்போய் மூழ்கடித்த இலங்கைக் கடற்படைக் கப்பல்களில் அதுவும் ஒன்று. அந்தப் போரைப் பற்றி எழுதும்போது எந்தத் தமிழ்க் கையும் கொஞ்சம் தயங்கும். ஆனால் கப்பல் கணக்கு மட்டும் பேசினால், இலேசான பீரங்கிக் கப்பல் ஒரு போரின் போக்கையே மாற்றியதற்கு நம் காலத்தில் இதைவிடத் தெளிவான உதாரணம் இல்லை. எதிரே இருந்தவை தொலைவிலிருந்து திருப்பிச் சுட முடியாத சரக்குக் கப்பல்கள். அவற்றைக் கண்டுபிடிப்பதும் அவ்வளவு தூரம் போய்ச் சேர்வதும்தான் கடினம். சுடுவது கடைசி வேலை.

திருப்பிச் சுடுகிறவன் எதிரே வந்தால் கதை மாறும். 1971 வங்கதேசப் போரில், டிசம்பர் 10 அன்று, குல்னா அருகே, கல்கத்தா துறைமுகக் கப்பல்களில் பீரங்கி பூட்டி உருவாக்கிய ‘பத்மா’, ‘பலாஷ்’ இரண்டும் விமானத் தாக்குதலில் போயின. அடித்தது ஆள் தெரியாமல் வந்த நம் விமானங்களே. 2024 மார்ச் 5 அன்று கெர்ச் நீரிணை அருகே ரஷ்யாவின் ‘செர்கேய் கோடோவ்’ மூழ்கியது. 76 மில்லிமீட்டர் பீரங்கி ஒன்று, 6,000 கடல் மைல் பயணத் திறன்: காகிதத்தில் சுமித்ராவின் உறவுக்காரன். உக்ரைன் அனுப்பிய ஆளில்லாப் படகுகள், இருட்டில் தண்ணீரோடு தண்ணீராக வந்து மோதின. தாழ்ந்து வரும் சிறு படகைக் கடலலைகளுக்கு நடுவே ரேடார் பிரித்துப் பார்ப்பது கடினம். பார்த்தபின் சுட மிஞ்சுவது சில நொடிகள்தான்.

2023 மார்ச்சில் பாதுகாப்பு அமைச்சகம் 9,781 கோடி ரூபாய்க்குப் பதினோரு புதிய தலைமுறை ரோந்துக் கப்பல்களுக்கு ஒப்பந்தம் போட்டது: ஏழு கோவாவில், நான்கு கொல்கத்தாவில். அவற்றில் ஏவுகணைகளை அடுக்கினால் விலையும் எடையும் ஏறி, அரைகுறை டெஸ்ட்ராயர்கள்தான் கிடைக்கும். அதற்குப் பதில் நான்கு பக்கமும் இரவில் பார்க்கும் கேமராக்கள், சிறு படகுகளையும் ட்ரோன்களையும் சிதறடிக்கும் வேகத் துப்பாக்கிகள், ஒரு நல்ல ஹெலிகாப்டர், மிச்சத்துக்குக் காலித் தளம் என்று விட்டுவைத்தால் போதும் என்பது என் கருத்து. 349 பேர் வந்து ஏறும் இரவில் அந்தக் காலித் தளம்தான் தேவைப்படும்.