பொதுப் பணம் – 9: இரண்டாவது கையெழுத்து

சேலம், நாமக்கல் பக்கத்துக் கல்யாண மண்டபங்களில் பந்திக்கு அடுத்தபடியாகக் கூட்டம் நெருக்கியடிக்கிற இடம், வாசலை ஒட்டிப் போட்டிருக்கும் மொய் மேஜைதான். அதன் பின்னால் இரண்டு பேர் உட்கார்ந்திருப்பார்கள். ஒருவர் நீளமான நோட்டில் ஊர், பெயர், தொகை என்று எழுதிக்கொண்டே போவார், மற்றவர் கவரைப் பிரித்து எண்ணி மஞ்சள் பைக்குள் போடுவார். எழுதுகிறவர் பணத்தைத் தொடமாட்டார். பணத்தைத் தொடுகிறவர் பேனாவைத் தொடமாட்டார். எந்த ஆடிட்டரும் வந்து இந்த ஏற்பாட்டைக் கற்பிக்கவில்லை. ராத்திரி மண்டபம் காலியாகி, சமையல்காரர் அண்டாவைக் கவிழ்க்கிற வேளையிலும், நோட்டின் கூட்டுத்தொகையும் பையின் ரொக்கமும் ஒத்துப்போகும் வரையில் அந்த இருவரும் நாற்காலியை விட்டு எழுந்திருப்பதில்லை. இந்தக் காட்சியைப் பால்யம் முதல் பார்த்து வளர்ந்த பிள்ளைகள், கல்லூரிக்குள் காலெடுத்து வைத்த மறு வருஷமே, ஒரு மன்றத்தின் பணம் முழுவதையும் ஒரே ஒருவனுடைய சட்டைப் பையில் விட்டுவிட்டு நிம்மதியாக இருக்கிறார்களே, அது எப்படி என்பது எனக்கு நெடுநாளாக விளங்காத விஷயம்.

சென்ற வாரம் ஊர்ப் பண்டிகைக்குத் தலைக்கட்டு வரி வசூலிக்கும் விதத்தைப் பார்த்தோம். வரி கொடுத்த குடும்பம் அடுத்த வருஷமும் அதே ஊரில்தான் இருக்கும். கணக்குக் கேட்கவும் இருக்கும், சண்டை போடவும் இருக்கும். மாணவர் சங்கத்தின் விசேஷமோ, மூன்று நான்கு வருஷங்களில் அதன் உறுப்பினர்கள் ஒருவர் பாக்கியில்லாமல் மாறிப்போய்விடுகிறார்கள் என்பது. ஆகவே மாணவர் பணத்துக்கு வரும் கேடுகளில் களவு மிகச் சொற்பம் என்றும், பெரும்பாலானவை ஒரு கை மற்றொரு கையிடம் ஒப்படைக்காமல் போவதால் நேர்பவை என்றும் நான் கருதுகிறேன். அப்படி ஒப்படைக்காமல் போன கைகளில் என்னுடையதும் ஒன்று.

1993ஆம் வருஷம் இந்தப் பிரதேசத்துக் கலைக் கல்லூரி ஒன்றில் தமிழ் மன்றத்துக்கு நான் பொருளாளன். அக்காலத்தில் சேலத்துக் கலைக் கல்லூரிகள் சென்னைப் பல்கலைக் கழகத்தோடு இணைந்திருந்தன. பெரியார் பல்கலைக் கழகம் தோன்றியது 1997இல். மன்றத்தின் பெயரால் பக்கத்து வங்கிக் கிளையில் ஒரு கணக்கு இருந்தது. மன்றத்தின் ஆலோசகரான பேராசிரியரும் பொருளாளரும் சேர்ந்து கையெழுத்திட்டால்தான் பணம் வெளியே வரும். நீல அட்டை போட்ட பாஸ் புத்தகம். வங்கிக் குமாஸ்தா கையாலேயே வரவும் பற்றும் எழுதி, ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் சிறிதாக இனிஷியல் போட்டிருப்பார். கடைசி வரியில் இருப்பு 1,740 ரூபாய் என்று இருந்தது. அந்த வருஷக் கோடையில் பேராசிரியருக்கு மாற்றல் உத்தரவு வந்தது. புதிய ஆலோசகரின் கையெழுத்தைப் பதிவு செய்யத் தீர்மான நகல் வேண்டுமென்றார்கள்; தீர்மானப் புத்தகமோ முந்திய காரியதரிசியின் வீட்டில், ராசிபுரத்துக்கு அப்பால் ஒரு கிராமத்தில் இருந்தது. பரீட்சை முடியட்டும் என்று நான் நினைத்தேன். பரீட்சை முடிந்தது, நானும் போய்விட்டேன்.

இப்போது விவகாரத்துக்கு வருவோம். மாணவர் மன்றம் ஒன்று வங்கிக்குப் போய்க் கணக்குத் திறக்க வேண்டுமென்றால், மானேஜர் முதலில் கேட்கும் கேள்வி, 'நீங்கள் யார்?' என்பதுதான். தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம், 1975இன்படி ஏழு பேர் சேர்ந்து சங்கம் பதிவு செய்யலாம்; பதிவு பெற்ற சங்கத்துக்குச் சேமிப்புக் கணக்கு கிடைக்கும். ஆனால் வருஷந்தோறும் பதிவாளர் அலுவலகத்தில் கணக்கும் நிர்வாகிகள் பட்டியலும் தாக்கல் செய்துகொண்டே இருக்க வேண்டும். பதிவு செய்த ஏழு பேரும் பட்டம் வாங்கிக்கொண்டு பெங்களூருக்கும் ஓசூருக்கும் வேலைக்குப் போன பிறகு அதை யார் செய்வது? பதிவில்லாத சங்கமென்றால் நிர்வாகக் குழுவின் தீர்மானம், கையெழுத்திடும் அதிகாரம் பெற்றவர்களின் அடையாளச் சான்றுகள், சங்கத்தின் பெயரில் பான் அட்டை என்று கேட்பார்கள். அதற்குப் பிறகும் பெரும்பாலும் நடப்புக் கணக்குத்தான் கிடைக்கும். அதில் வட்டியும் கிடையாது. குறைந்தபட்ச இருப்பு குறைந்தால் அபராதமும் பிடிப்பார்கள். எனவேதான் அனுபவமுள்ள கல்லூரிகள் மன்றத்தைத் தனி ஸ்தாபனமாக நிறுத்தாமல், முதல்வர் பதவியின் பெயரில் ஒரு கணக்கு வைத்து, அதன்கீழ் மன்றத்துக்கொரு பேரேட்டுப் பக்கம் ஒதுக்கிவிடுகின்றன. 1969இல் பிறந்த நாட்டு நலப்பணித் திட்டத்தில் இது விதியாகவே இருக்கிறது: அதன் கணக்கைக் கல்லூரி முதல்வரும் திட்ட அலுவலரும் கூட்டாக நடத்த வேண்டும். பதவியின் பெயரில் இருக்கும் கணக்குக்கு ஆள் மாறினாலும் ஆயுள் மாறுவதில்லை.

மாணவர்களுக்கு இது பிடிப்பதில்லை. நூறு ரூபாய்க்கு வெள்ளைக் காகிதம் வாங்க முதல்வர் அறை வாசலில் அரை நாள் நிற்க வேண்டுமா என்பார்கள். அவர்கள் குறை நியாயமானதே. அதற்குப் பரிகாரமாகப் பழைய பொருளாளர்கள் வைத்திருந்தது சில்லறைச் செலவு முன்பணம். 500 அல்லது 1,000 ரூபாயை ஒரு பிஸ்கட் டின்னில் வைத்து, செலவான பில்களைக் கம்பியில் குத்தி, கம்பி நிறைந்ததும் கூட்டிக் காட்டி அதே தொகையை மறுபடி வாங்கிக்கொள்வது. இங்கிலாந்தில் ஆக்ஸ்போர்டுப் பல்கலைக் கழகத்திலும், பதிவு பெற்ற மாணவர் கழகம் ஒவ்வொன்றுக்கும் மூத்த உறுப்பினர் ஒருவர் இருந்தாக வேண்டும். கணக்கு அவர் பார்வைக்குப் போக வேண்டும். பெரிய மனிதர் கையெழுத்து என்ற தொந்தரவு நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு மட்டும் வாய்த்ததன்று.

ஆனால் இந்தத் தலைமுறையின் சிக்கல் வேறு விதமானது. சில மாதங்களுக்கு முன் ஒரு கல்லூரியின் தொழில்நுட்பக் கருத்தரங்குக்குப் போயிருந்தேன். வரவேற்பு மேஜையில் ஒரு மாணவன் தன் செல்போனைக் குப்புற வைத்திருந்தான். அதன் உறைக்குள் க்யூ.ஆர். கோடு அச்சடித்த துண்டுக் காகிதம். வருகிறவர்கள் அதை நோக்கித் தங்கள் போனைக் காட்டிவிட்டுப் போனார்கள். ஒவ்வொரு தடவையும் 'டிங்' என்று ஒலி. அந்தப் பணம் போய்ச் சேர்ந்த இடம் அவனுடைய சொந்தக் கணக்கு. ஏன் என்று விசாரித்தேன். இருவர் சேர்ந்து கையெழுத்திட வேண்டிய கணக்கிலிருந்து யு.பி.ஐ. மூலம் பணம் அனுப்பப் பெரும்பாலான வங்கிகளில் வழியில்லை. சாப்பாட்டுக்காரருக்கும் பிளெக்ஸ் கடைக்காரருக்கும் உடனே கொடுக்க வேண்டும். ஆகையால் தன் கணக்கிலேயே வாங்கிக்கொள்வதாகச் சொன்னான். அவன் சொன்னதில் பொய்யில்லை. ஆனால் கூட்டுக் கணக்கிலிருந்து அனுப்பத்தான் தடையே ஒழிய, அதற்குள் பணம் வாங்க ஒரு தடையுமில்லை. மன்றக் கணக்குக்கே க்யூ.ஆர். அட்டை கேட்டு வாங்கலாம். செலவுக்குக் காசோலை இருக்கிறது. காசோலை என்றதும் அவன் சிரித்தான். வாழ்நாளில் தான் ஒரு காசோலை எழுதியதே இல்லை என்றான்.

சிரிப்பதற்கு இடமில்லாத காரியம் ஒன்றும் இதில் உண்டு. இணைய மோசடிக்கு ஆளானவர் 1930 என்ற எண்ணில் புகார் செய்தால், மோசடிப் பணம் எந்தெந்தக் கணக்குகளின் வழியாகப் போயிற்றோ அவற்றிலெல்லாம் வங்கிகள் தடை வைக்கின்றன. கருத்தரங்குக்கு 250 ரூபாய் கட்டிய எவனோ ஒருவனுடைய கணக்கில் அப்படிப்பட்ட பணம் கலந்திருந்தால், ஒரு பாவமும் அறியாத மேஜைக்காரப் பையனின் கணக்கும் சேர்ந்து முடங்கக்கூடும். அவன் அப்பா அனுப்பிய விடுதிக் கட்டணமும், அவனுக்கு வரவேண்டிய கல்வி உதவித்தொகையும் அதே கணக்கில்தான் இருக்கும். வருமானவரிக்காரர் கேட்டாலும், 'இது என் பணமில்லை' என்பதற்கு அவனிடம் என்ன அத்தாட்சி இருக்கிறது?

மாணவர் கையாளும் பணங்களிலெல்லாம் பெரியது விடுதிச் சாப்பாட்டுப் பணம். அரசுப் பொறியியல், மருத்துவக் கல்லூரி விடுதிகள் பலவற்றில் 'டிவைடிங் சிஸ்டம்' என்று ஒன்று நெடுங்காலமாக நடந்து வருகிறது. மாதம் முழுவதும் அரிசி, பருப்பு, காய்கறி, காஸ், சமையல் ஆள் கூலி என்று ஆன செலவைக் கூட்டி, சாப்பிட்டவர்கள் சாப்பிட்ட நாட்களின் மொத்தத்தால் வகுத்துவிடுவது. மெஸ் பிரதிநிதி என்று மாதத்துக்கொருவர் பொறுப்பேற்பார். உதாரணமாக, ஒரு மாதச் செலவு 4,62,000 ரூபாய், எல்லோரும் சாப்பிட்ட நாட்கள் சேர்ந்து 4,200 என்றால், நாளொன்றுக்கு 110 ரூபாய் விழும். பொங்கலுக்கு முன்கூட்டியே எழுதிக் கொடுத்துவிட்டு ஒன்பது நாள் ஊருக்குப் போனவனுக்கு 990 ரூபாய் கழியும். இந்த 990ஐ அவன் வீட்டில் கேட்பார்கள். லாரி ஓட்டுகிற அப்பா, 'ஒம்போது நாளைக்குக் கொறச்சாங்களா?' என்று போனில் கேட்கும்போது, பிரதிநிதியின் நோட்டில் அந்த ஒன்பது நாளும் ஒழுங்காகக் குறித்திருக்க வேண்டும்.

நாமக்கல்லில் மெஸ் பிரதிநிதியாக இருப்பது இன்னும் ஒருபடி கஷ்டம். தேசிய முட்டை ஒருங்கிணைப்புக் குழு நாமக்கல் மண்டலத்துக்கு முட்டை விலையைக் காசுக் கணக்கில் அறிவிக்கிறது. ஐந்து காசு, பத்துக் காசு என்று ஏறும், இறங்கும். கோழிப் பண்ணைக்காரர் வீட்டுப் பிள்ளைகள் அதே விடுதியில் இருப்பதால், அன்றைய விலை பிரதிநிதிக்கு முன்னால் அவர்களுக்குத் தெரிந்துவிடும். நான் பார்த்த ஒரு நோட்டில், முட்டை வாங்கிய ஒவ்வொரு தேதிக்கும் எதிரே அன்றைய அறிவிப்பு விலையை ஒரு பையன் சிவப்பு மையால் எழுதி வைத்திருந்தான். எந்தக் கணக்கு வாத்தியாரும் அவனை எழுதச் சொல்லவில்லை. சாப்பாட்டு மேஜையில் ஒருவன் 'என்னடா, முட்டையில அடிச்சுட்டியா?' என்று கேட்டுவிட்டான், அவ்வளவுதான். அந்தச் சிவப்பு மை வரிசையைவிட உத்தமமான தணிக்கை அறிக்கையை நான் கண்டதில்லை.

நன்கொடைப் பணத்தைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. திருச்செங்கோட்டில் ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டிக்காரரிடமும் நாமக்கல்லில் லாரிக்குப் பாடி கட்டும் பட்டறையிலும் விளம்பரம் கேட்டுப் போகிற மாணவர்களுக்கு, அங்கே கிடைக்கிற பாடம் வகுப்பில் கிடைப்பதில்லை. 'ரசீது குடுத்தீங்கன்னா குடுக்கறேனுங்க தம்பி. இல்லீன்னா டீயைக் குடிச்சுப்புட்டுப் போங்க' என்று முகத்துக்கு நேரே சொல்லிவிடுவார்கள். வரிசை எண் அச்சடித்த ரசீதுப் புத்தகம் வேண்டும். தொகை 5,000 ரூபாய்க்கு மேற்பட்டால் ஒரு ரூபாய் ரெவின்யூ ஸ்டாம்பு ஒட்ட வேண்டும். தேர்தல் செலவுக்கும் கணக்கு உண்டு. மாணவர் தேர்தலைப் பற்றி லிங்டோ குழு சொன்ன யோசனைகளை 2006இல் சுப்ரீம் கோர்ட் ஏற்றபோது, ஒரு வேட்பாளர் 5,000 ரூபாய்க்கு மேல் செலவிடக் கூடாதென்றும், முடிவு வெளியான இரண்டு வாரத்துக்குள் தணிக்கை செய்த கணக்கைத் தர வேண்டுமென்றும் விதியாயிற்று. நம் பக்கத்துக் கல்லூரிகள் பலவற்றில் தேர்தலே நடப்பதில்லையாதலால் அந்தக் கணக்கைப் பார்க்கும் பாக்கியம் எனக்குக் கிட்டவில்லை.

ஆட்கள் மாறுவது போலவே வங்கியே மாறிப்போவதும் உண்டு. 1925இல் தோன்றிய சேலம் பாங்கு 1960களில் இந்தியன் வங்கியோடு கலந்தது. நம் பக்கத்தில் பலருக்குக் கணக்கு இருந்த கரூர் லட்சுமி விலாஸ் வங்கி 2020 நவம்பரில் டி.பி.எஸ். வங்கியோடு சேர்ந்தது. பெயர்ப் பலகையும் ஐ.எப்.எஸ்.சி. எண்ணும் மாறினாலும் பேரேட்டில் இருப்பு அப்படியே தொடர்கிறது. கணக்கை மறப்பவர்கள் நாம்தான். இரண்டு வருஷம் நாமாக ஒரு வரவு பற்றும் செய்யாவிட்டால் கணக்கு செயலற்றதாகிறது; பத்து வருஷம் கேட்பாரில்லாவிட்டால் பணம் ரிசர்வ் வங்கியின் வைப்பாளர் கல்வி, விழிப்புணர்வு நிதிக்குப் போய்விடுகிறது. போனாலும் உரியவர் வந்து கேட்டால் திருப்பித் தருவார்கள்.

2023இல் ரிசர்வ் வங்கி 'உத்கம்' என்ற இணையதளத்தைத் திறந்து, கேட்பாரற்ற வைப்புகளைத் தேடிப் பார்க்க வழி செய்தபோது, ஒரு நாள் ராத்திரி ஏதோ நினைவில் எங்கள் பழைய மன்றத்தின் பெயரை நான் அதில் இட்டுப் பார்த்தேன். கல்லூரியின் பெயரில் ஓரெழுத்துப் பிழையோடு அது அங்கே இருந்தது. மறுவாரம் கல்லூரிக்குப் போய் இப்போதைய மன்றத்தாரைச் சந்தித்தேன். முப்பது வருஷத்துக்கு முந்திய பொருளாளன் என்று என்னை அறிமுகம் செய்துகொண்டபோது அவர்கள் என்னைப் பார்த்த பார்வை, கோட்டை மாரியம்மன் கோயில் தூணில் இருந்த சிற்பம் இறங்கி வந்து பேசுவதைப் பார்ப்பது போன்றிருந்தது. வங்கியில் கேட்டது, அன்று கேட்ட அதே தீர்மான நகலைத்தான். கூட்டம் போட்டு, தீர்மானம் எழுதி, ஆலோசகர் ஒரு கையெழுத்தும், பொருளாளரான இரண்டாம் வருஷத்து மாணவி ஒரு கையெழுத்தும் போட்டார்கள். அவள் பேனாவை எடுக்குமுன் தீர்மானத்தை முதல் வரியிலிருந்து கடைசி வரி வரைக்கும் வாசித்தாள். அதற்கு நாலு நிமிஷம் ஆயிற்று. ஆலோசகர் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

இரண்டு மாதம் கழித்து, வட்டியோடு சேர்ந்து பணம் வந்துவிட்டதென்று அந்தப் பெண் போன் செய்தாள்.

'சார், இதை எந்தத் தலைப்பில வரவு வைக்கறதுங்க? நன்கொடைன்னு எழுதட்டுங்களா?'

'வேண்டாம்மா. முன் வருஷ இருப்புன்னு எழுதிக்கோ.'