காலால் சுழலும் குயவர் சக்கரம்

பானைப் பாசனத்தைப் பற்றிப் பேசாத இயற்கை வேளாண்மைப் பயிற்சியே இல்லை. கன்றுக்குப் பக்கத்தில் பானையைக் கழுத்துவரை புதைச்சு, தண்ணி ஊத்தி மூடி வெச்சா, அது மெல்லக் கசிஞ்சு வேரை நனைக்கும். பஞ்சகவ்யம் ஊற வைக்கவும் மண்பானைதான் நல்லது என்கிறோம். எல்லாம் சரி, நூறு பானை வேணும்னு கேட்டால் செஞ்சு கொடுக்க ஊருக்குள் ஆள் இருக்கா? பல ஊர்களில் சக்கரத்தில் உட்காருகிறவர் ஒருத்தரோ ரெண்டு பேரோதான். அவர்களும் வயசானவர்கள். தரையில் குந்தி, குனிஞ்சு, கம்பை விட்டுச் சக்கரத்தைச் சுழற்றிச் சுழற்றி இடுப்பும் முட்டியும் தேய்ந்து போச்சு. அந்தச் சிரமத்தைப் பார்த்த பிள்ளைகள் தொழிலுக்கு வரவில்லை.

காதி கிராமத் தொழில் ஆணையம் மின்சக்கரம் கொடுக்கிறது. நல்ல காரியம்தான். ஆனால் கரண்ட் போனால் சக்கரமும் நிற்கும், மோட்டார் பழுதானால் டவுனுக்குத் தூக்கிப் போகணும். கம்புச் சக்கரத்துக்கும் மின்சக்கரத்துக்கும் நடுவில் ஒரு வழி இருக்கிறது. நாற்காலியில் உட்காருவது போல உட்கார்ந்து, காலால் உதைத்துச் சுழற்றும் சக்கரம். புது விஷயம் இல்லை. கிறிஸ்துவுக்கு முன் 2-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த சீராக்கின் ஞான நூலிலேயே, காலால் சக்கரம் சுற்றும் குயவர் வருகிறார். நம்ம ஊர் வெல்டிங் பட்டறையில் செய்யக்கூடியதுதான்.

அமைப்பு இவ்வளவுதான்: நிமிர்ந்து நிற்கும் ஒரு இரும்புத் தண்டு. மேல்முனையில் மண் வைக்கும் தட்டு. கீழே கனமான பெரிய சக்கரம். கால் உதைப்பது கீழ்ச் சக்கரத்தை, கை வேலை செய்வது மேல் தட்டில். கீழ்ச் சக்கரத்தைச் சேமிப்புக் கணக்கு என்று வெச்சுக்கங்க. கால் போடுது, கை எடுக்குது. மண்ணை அழுத்தும்போது வேகம் குறையும். கணக்கில் இருப்பு நிறைய இருந்தால் உடனே நின்றுவிடாது.

இருப்பு எவ்வளவு என்பதை எடை மட்டும் முடிவு செய்வதில்லை. எடை எங்கே இருக்கிறது என்பதுதான் முக்கியம். ஒரே எடை, ஒரே விட்டம், ஒரே வேகம். ஆனால் எடை முழுவதும் விளிம்பில் இருந்தால், சீரான தட்டையான சக்கரத்தைப் போல இரண்டு மடங்கு ஆற்றல் தங்கும். எடையைக் கூட்டாமல் விட்டத்தை 60 செ.மீ.யில் இருந்து 75 செ.மீ. ஆக்கினாலே ஒன்றரை மடங்குக்கு மேல் கிடைக்கும். அதனால் சின்னதா, தடியா வார்க்கிறதை விட அகலமா, விளிம்பு தடித்து வார்க்கிறது மேல். 75 செ.மீ. விட்டத்தில் 6 செ.மீ. கனத்துக்குக் கான்கிரீட் போட்டால் ஏறக்குறைய 63 கிலோ வரும். உள்ளே கம்பி கட்டி, நடுவில் தண்டோடு போல்ட் போட ஒரு இரும்புத் தகட்டைப் புதைத்து வார்க்கணும். அதற்கு மேல் எடை ஏற்ற வேண்டாம். தொடக்கி வைக்கவே முட்டி வலிக்கிற சக்கரத்தை முட்டி வலிக்காரருக்குக் கொடுத்து என்ன பயன்?

மிதி வைத்த இன்னொரு வகையும் உண்டு. தண்டில் ஒரு வளைவு கொடுத்து, பக்கவாட்டில் ஆடும் மிதியை அதோடு இணைப்பார்கள். தையல் மிஷின் மாதிரி ஓடிக்கிட்டே மிதிக்கலாம், அதனால் கீழ்ச் சக்கரம் இலேசாக இருந்தாலும் போதும். ஆனால் வளைத்த தண்டு கொஞ்சம் கோணினாலும் தட்டு ஆடும். நல்ல லேத் பட்டறை பக்கத்தில் இல்லாத ஊருக்கு நேராக உதைக்கும் வகையே என் சிபாரிசு.

காசைச் சேமிக்கக் கூடாத இடம் பேரிங். மொத்த பாரமும் கீழ் முனையில் இறங்குவதால் அங்கே பாரம் தாங்கும் சாய்வு ரோலர் பேரிங் வேணும். வண்டிச் சக்கரங்களில் வருவது போன்றது. மேல் பேரிங் தட்டுக்கு எவ்வளவு நெருக்கமோ அவ்வளவு நல்லது. தள்ளிப் போட்டால், மண்ணை மையத்துக்குக் கொண்டு வர அழுத்தும்போது தண்டே அசையும். தண்டு 30 மி.மீ. கனமாவது இருக்கட்டும். சேற்றுத் தண்ணி பேரிங்கில் இறங்காமல் தட்டுக்கு அடியில் ஒரு தடுப்பு வெச்சே ஆகணும். மணல் புகுந்தால் எந்த பேரிங்கும் தாங்காது. வேலை முடிந்ததும் தட்டின் ஓரத்தில் ஒரு ஆணியை அசையாமல் பிடித்துச் சுழற்றிப் பாருங்க. இடைவெளி ஒரே அளவாக இருந்தால் பட்டறைக்காரருக்குக் கூலி கொடுக்கலாம்.

மேல் தட்டு 12 அங்குல அகலம், தரையில் இருந்து ஏறத்தாழ 30 அங்குல உயரம். இருக்கை தட்டின் மட்டத்துக்கோ ஓரிரு அங்குலம் மேலாகவோ, கொஞ்சம் முன்சரிவாக இருக்கணும். இந்த அளவை எல்லாம் உட்காரப்போகிறவரை வெச்சுத்தான் முடிவு செய்யணும். நெட்டையான ஆளும் குட்டையான ஆளும் ஒரே இருக்கையில் சரிப்பட மாட்டார்கள். உதைக்காத நேரம் கால் வைக்க இரண்டு பக்கமும் கட்டை வேணும். வலது காலால் முன்னே தள்ளினால் சக்கரம் இடஞ்சுழியாகப் போகும். கைப்பழக்கம் வலஞ்சுழி என்றால் இடது கால். இதை மாற்றச் சொல்லி அவரைத் தொந்தரவு செய்யக் கூடாது.

அடிப்பாகம் தட்டுகிற வேலைக்கு இந்தச் சக்கரத்தால் மாற்றமில்லை. வாயும் கழுத்தும் சக்கரத்தில் எழும்பும். அறுத்து எடுத்துக் கொஞ்சம் காய்ந்ததும் உள்ளே கல்லைக் கொடுத்து வெளியே பலகையால் தட்டி அடியை மூடுவது அவர் கைத்திறன். ஒன்றை மட்டும் சொல்லி வையுங்க: பாசனப் பானைக்கு மெருகு வேண்டாம், பூச்சு வேண்டாம். கசிய வேண்டும்.

மண்ணுக்கும் வழி இருக்கு. ஏரி, குளங்களில் விவசாயிகளும் குயவர்களும் கட்டணமின்றி மண் எடுக்க வட்டாட்சியர் அளவிலேயே அனுமதி பெறும்படி 2024-ல் தமிழக அரசு விதியை எளிதாக்கியது. நாம் வயலுக்கு வண்டல் அள்ளும்போதே அவருக்குக் களிமண் ஒரு நடை அடித்துக் கொடுக்கலாம். மழைக்காலத்தில் பானை காயாது, சூளையும் எரியாது. ஆடிப் பட்டத்துக்குப் பானை வேணும்னா மாசியிலேயே, நாலைந்து விவசாயிகள் சேர்ந்து, எத்தனை பானை, எத்தனை லிட்டர் என்று சொல்லி முன்பணமும் கொடுத்திடுங்க. அந்தப் பணத்தில் அவர் பேரிங் வாங்கிடுவார்.