மௌனம் சம்மதமாகுமா?

மௌனம் சம்மதத்திற்கு அறிகுறி என்பது நம்மவர் வழக்கு. பெண் பார்க்கும் படலத்தில் அது செல்லுபடியாகலாம். நீதிமன்றத்தில் எளிதில் செல்லாது. தாய் தந்தையருள் ஒருவர், மற்றவரின் உரிமையை மீறிக் குழந்தையை அயல்நாட்டிற்குக் கொண்டு சென்றுவிடும் வழக்குகளில் இவ்வினா அடிக்கடி எழுகின்றது.

அத்தகைய குழந்தைகளை அவர்கள் வாழ்ந்து வந்த நாட்டிற்கே விரைவில் திருப்பியனுப்புவதற்கென 1980-ஆம் ஆண்டு ஹேக் நகரில் ஓர் உடன்படிக்கை உருவாயிற்று. குழந்தை யாரிடம் வளர வேண்டும் என்பதை அது முடிவு செய்வதில்லை. விதிவிலக்குகளும் சில உண்டு. குழந்தையைப் பிரிந்து நிற்பவர் முன்னரே இசைவு தந்திருந்தாலும், பின்னர் இணங்கிவிட்டிருந்தாலும், திருப்பியனுப்ப நீதிமன்றம் கடமைப்பட்டதன்று என்கிறது 13-ஆவது பிரிவு. ‘கடமைப்பட்டதன்று’ என்பதை நேயர்கள் கவனிக்க வேண்டும். இசைவு மெய்ப்பிக்கப்பட்ட பின்னரும் திருப்பியனுப்ப நீதிபதிக்கு அதிகாரம் உண்டு. மெய்ப்பிக்கும் பொறுப்போ, குழந்தையைக் கொண்டு சென்றவருடையது.

முன்னிசைவில் சிக்கல் சற்றுக் குறைவு. ‘விடுமுறைக்கு அழைத்துச் செல்’ என்பது ‘அங்கேயே வைத்துக்கொள்’ என்பதாகாது. பின்னிணக்கமே நீதிபதிகளை வாட்டுவது. அதற்கு ஒரு தமிழ்ச் சொல் தேடி நாமும் வாடினோம்!

இஸ்ரேலில் வாழ்ந்த வைதிக யூதக் குடும்பம் ஒன்றின் வழக்கு இதனைத் தெளிவாக்கும். தாய் குழந்தைகளுடன் இங்கிலாந்து சென்றுவிட்டார். தந்தை சமய நெறிப்படி முதலில் தம் மத நீதிமன்றத்தையே நாடினார்; உடன்படிக்கையின்படி மனுச் செய்யச் சில மாதங்கள் கழிந்தன. அத்தாமதத்தை இணக்கமெனக் கொண்டது இங்கிலாந்தின் மேல்முறையீட்டு நீதிமன்றம். 1997-இல் பிரபுக்கள் சபை அதனை மாற்றிற்று. தந்தையின் மனத்தில் உண்மையில் இணக்கம் இருந்ததா என்பதே கேள்வி என்றது. சமரசம் பேச முயல்வதையும் இணக்கமென எளிதில் கொள்ளலாகாது என்றது. ஆயினும், குழந்தையை இனிக் கோரமாட்டார் என்று மற்றவர் ஐயமற நம்பும்படி ஒருவர் எழுதியோ நடந்தோவிட்டால், ‘என் மனம் வேறு’ என்று பின்னர் வாதிப்பது பயன்படாது. கோபத்தில் எழுதிய ஒரு வரிக்கும், தெளிந்து எழுதிய கடிதத்திற்கும் உள்ள வேறுபாட்டை நீதிபதி எடை போடுவார்.

மக்களைக் கடல் கடந்து அனுப்பியுள்ள நேயர்கள் ஒன்றை அறிதல் நலம். இந்தியா இவ்வுடன்படிக்கையில் சேரவில்லை. அயல்நாட்டிலிருந்து இங்கே கொண்டுவரப்பட்ட குழந்தையின் வழக்கில் அதன் நலனே முதன்மையானது என்றும், அயல்நாட்டு நீதிமன்றத்தின் ஆணை கருதத்தக்கவற்றுள் ஒன்றே என்றும் உச்ச நீதிமன்றம் 2017-இல் தீர்ப்பளித்தது.