புது டிரைவரும் அரை மில்லிவினாடியும்

2025 மே மாதம், அமெரிக்காவின் ஷார்லட் நகரில் பிஜிஏ சாம்பியன்ஷிப் கோல்ஃப் போட்டி தொடங்கவிருந்த வாரம். உலகத் தரவரிசையில் முதல் இரண்டு இடங்களில் இருந்த ஸ்காட்டி ஷெஃப்லர், ரோரி மெக்கில்ராய் இருவரின் டிரைவர், அதாவது பந்தை நெடுந்தூரம் அடிக்கும் மட்டைகள், சோதனையில் தேறவில்லை. இருவரும் எந்தத் தில்லுமுல்லும் செய்யவில்லை. புதிதாக இருந்தபோது விதிக்கு உட்பட்டிருந்த மட்டைகள்தான் அவை. அடித்து அடித்தே முகத்தகடு தளர்ந்து, அனுமதித்த அளவைத் தாண்டித் துள்ள ஆரம்பித்துவிட்டது. ஓராண்டுக்கு மேல் ஆடிய மட்டை, இப்படி ஆகும் என்று எதிர்பார்த்ததுதான் என்று ஷெஃப்லரே செய்தியாளர்களிடம் சொன்னார்.

இருவரும் மாற்று மட்டையோடு களமிறங்கினார்கள். ஷெஃப்லர் ஐந்து ஸ்ட்ரோக் வித்தியாசத்தில் கோப்பையை வென்றார். மெக்கில்ராய் 47ஆம் இடத்தைப் பலரோடு பகிர்ந்துகொண்டார். மட்டை மாறியதால்தான் ஒருவர் ஜெயித்தார், மற்றவர் சறுக்கினார் என்று இதிலிருந்து முடிவுகட்ட முடியாது. ஆனால் வார இறுதியில் மட்டும் ஆடுகிறவர்கள் நெடுங்காலமாக நம்பிவரும் ஒரு விஷயத்தை இந்தச் செய்தி தலைகீழாகப் புரட்டிப் போட்டிருக்க வேண்டும். அப்படி நடந்ததாகத் தெரியவில்லை.

சிங்கப்பூரின் ஈசூனில் லோவர் சிலேத்தார் நீர்த்தேக்கத்தை ஒட்டி ஆர்கிட் கண்ட்ரி கிளப் இருக்கிறது. கோல்ஃப் பணக்காரர்களின் ஆட்டமாகவே இருந்துவிடக் கூடாது என்று தேசியத் தொழிற்சங்கக் காங்கிரஸ் அமைத்த மன்றம். ஒன்பது ஒன்பது குழிகளாக மூன்று திடல்கள். அரண்டா, வாண்டா, டென்ட்ரோபியம் என்று மூன்றுக்கும் ஆர்கிட் பூக்களின் பெயர். இங்கே மட்டுமல்ல, சிங்கப்பூரில் பந்தடிக்கும் எந்தப் பயிற்சித் திடலுக்குப் போனாலும் ஒரே பேச்சுதான் காதில் விழும். “பழசு செத்துப்போச்சு அண்ணே, அதுல பவரே இல்ல. புதுசு எடுத்தேன், இருபது மீட்டர் கூடப் போகுது.” புது டிரைவர் ஒன்றின் விலை ஆயிரம் வெள்ளியைத் தொடும் ஊரில் இந்தப் பேச்சுக்கு ஆதாரம் கேட்பது அவசியம்.

பழைய மட்டை செத்துப்போகுமா? அந்த இரண்டு சாம்பியன்களின் மட்டைகளும் சொல்வது நேரெதிர். டைட்டானியம் முகத்தகடு பழசாகப் பழசாக மந்தமாவதில்லை. மாறுவதாக இருந்தால் கூடுதலாகத் துள்ளும், அல்லது ஒருநாள் விரிசல் விடும்.

இந்தத் துள்ளல்தான் கோல்ஃப் மட்டைக்குள் இருக்கும் மிக அழகான இயற்பியல். மட்டையும் பந்தும் ஒன்றையொன்று தொட்டிருப்பது ஏறத்தாழ அரை மில்லிவினாடி, அதாவது ஒரு நொடியை இரண்டாயிரமாக வகுத்தால் அதில் ஒரு பங்கு. மணிக்கு 145 கிலோமீட்டர் வேகத்தில் வீசப்படும் மட்டை அந்த நேரத்தில் இரண்டு சென்டிமீட்டர்தான் நகரும். அதற்குள் 46 கிராம் பந்தின் மீது உச்சத்தில் ஏறக்குறைய ஒரு டன் எடைக்கு நிகரான விசை பாய்ந்து, பந்து நசுங்கி, மீண்டு, கிளம்பிவிடுகிறது. அடியின் அதிர்வு தண்டின் வழியே ஏறி உள்ளங்கைக்கு வரும்போது பந்து முகத்தகட்டில் இல்லை. ‘கையில் நன்றாக உணர்ந்தேன்’ என்று சொல்லப்படுவதெல்லாம் முடிந்துபோன ஒன்றைப் பற்றிய செய்திதான்.

நசுங்கும்போது என்ன நடக்கிறது என்பதில்தான் சூட்சுமம். பந்தின் உட்பகுதி ரப்பரால் ஆனது. ரப்பர் நசுங்கி மீளும்போது உள்ளுக்குள் உரசி, ஆற்றலில் ஒரு பங்கைச் சூடாக்கி வீணடிக்கிறது. டைட்டானியம் அப்படியல்ல. வளைந்து நிமிரும்போது வாங்கியதை அநேகமாக முழுதாகத் திருப்பித் தந்துவிடும். ஆகவே மோதலில் பந்து குறைவாக நசுங்கி, முகத்தகடு சற்று உள்வாங்கினால், அந்த அளவுக்கு வீணாவதும் குறைகிறது. பந்தைத் தகடு ‘தள்ளிவிடுகிறது’ என்று பலர் நினைக்கிறார்கள். பந்து தன் ஆற்றலைத் தானே தின்றுவிடாமல் தகடு காப்பாற்றுகிறது என்பதே சரி.

கயிற்றுக் கட்டிலில் குதித்துப் பார்த்தவர்களுக்கு இது உடனே பிடிபடும். பழைய சிங்கப்பூரில் கடைவீட்டு ஐந்தடிப் பாதைகளில் காவலாளிகளான ஜாகாக்கள் போட்டுப் படுத்திருந்தார்களே, அந்தக் கட்டில்தான். சிமெண்டுத் தரையில் குதித்தால் அதிர்ச்சி முழுவதையும் முழங்கால் வாங்கிக்கொள்ளும். துள்ளல் வராது, வலிதான் வரும். கட்டிலில் குதித்தால் கயிறு அமுங்கிக்கொடுத்து, முழங்காலுக்கு வேலை வைக்காமல் தூக்கிவிடும். முழங்கால்தான் பந்து, கயிறுதான் தகடு. புதுக் கட்டிலில் கயிறு முறுக்காக இருக்கும், துள்ளல் அளவோடுதான் வரும். நாலு வருடம் பிள்ளைகள் குதித்துத் தளர்ந்த கட்டிலில்தான் அருமையாகத் துள்ள முடியும். ஷெஃப்லரின் மட்டைக்கு நேர்ந்தது அதுதான். இன்னும் தளர்ந்தால் கயிறு அறுந்து ஆள் தரையில் விழுவார். மட்டையில் அது விரிசல். நடுக்கட்டிலில் உள்ள துள்ளல் சட்டத்தை ஒட்டிய ஓரத்தில் கிடையாது, அங்கே கயிறு அசையாது. அதனால்தான் தயாரிப்பாளர்கள் முகத்தகட்டின் கனத்தை இடத்துக்கு இடம் மாற்றி, நடுவில் தடிப்பாகவும் ஓரத்தில் மெலிதாகவும் செய்கிறார்கள். ஓரத்தில் கயிற்றைத் தளர்வாகப் பின்னிய கட்டில் அது. ஒரே ஒரு வித்தியாசம்: கட்டில் தூக்கிவிடும்வரை ஆள் அதன்மேல் இருப்பார், பந்து அவ்வளவு நேரம் காத்திருக்காது. தகடு நிமிரும் கணமும் பந்து விலகும் கணமும் ஒத்துப்போக வேண்டும். தகடு இரண்டு, மூன்று மில்லிமீட்டர் கனத்தில் நிற்பதற்கு உறுதி மட்டுமல்ல, இந்தத் தாளக்கட்டும் காரணம்.

இனி வரலாறு, ஒரு பத்தி போதும். பெர்சிமன் மரத்தில் செதுக்கிய தலைகள், 1979இல் டெய்லர்மேட் கொண்டுவந்த எஃகுத் தலை, 1991இல் காலவேயின் பிக் பெர்த்தா, 1995இல் அதன் டைட்டானியம் வாரிசு என்று தலை பெருத்துக்கொண்டும் தகடு மெலிந்துகொண்டும் போயின. 1998இல் அமெரிக்கக் கோல்ஃப் சங்கம் துள்ளலுக்கு வரம்பு கட்டியது. மோதலுக்கு முன் நெருங்கிய வேகத்தில் எவ்வளவு பங்கு விலகும் வேகமாகத் திரும்புகிறது என்று சொல்லும் மோதல் மீட்புக் கெழு 0.83ஐத் தாண்டக் கூடாது. அதோடு சேர்ந்து கோல்ஃப் விதிகளை வகுக்கும் செயின்ட் ஆண்ட்ரூஸின் ஆர் அண்ட் ஏ அமைப்பு கொஞ்ச காலம் முரண்டுபிடித்துவிட்டுப் பின்னர் உடன்பட்டது. 2004இல் தலையின் கொள்ளளவு 460 கனசென்டிமீட்டருக்குள் என்ற விதியும் ஊசல் சோதனையும் வந்தன.

அந்த ஊசல் சோதனை எளிமையானது, அழகானது. மட்டையை ஒரு தாங்கியில் இறுக்கிவிட்டு, உருண்டை முனை கொண்ட ஒரு சிறிய எஃகுச் சுத்தியலை ஊசல்போல முகத்தகட்டின் மீது மெதுவாக மோதவிடுவார்கள். சுத்தியல் எத்தனை மைக்ரோவினாடி தகட்டைத் தொட்டிருக்கிறது என்பதுதான் கணக்கு. தளர்ந்த தகடு அதிக நேரம் பிடித்துவைத்துக்கொள்ளும். வரம்பு 239 மைக்ரோவினாடி, சலுகை 18. 257ஐத் தாண்டினால் மட்டை வெளியே. 2019இல் பிரிட்டிஷ் ஓபன் போட்டிக்கு முன் ஸாண்டர் ஷாஃபலேயின் மட்டையும் இப்படித்தான் வெளியேற்றப்பட்டது.

ஆக, இருபது ஆண்டுகளாக எல்லாத் தயாரிப்பாளர்களும் ஒரே கோட்டை ஒட்டித்தான் நிற்கிறார்கள். இதை எண்ணில் பார்ப்பது நல்லது. 200 கிராம் தலை, 46 கிராம் பந்து, மணிக்கு 145 கிலோமீட்டர் வீச்சு. மீட்புக் கெழு 0.78 என்றால், அதாவது மரத்தலைக் கால நிலவரத்தில், பந்து மணிக்குச் சுமார் 210 கிலோமீட்டரில் கிளம்பும். 0.83 என்றால் 216. வித்தியாசம் ஆறு கிலோமீட்டர், தூரத்தில் ஏழெட்டு மீட்டர். மரத்திலிருந்து டைட்டானியத்துக்கு வந்த துள்ளல் புரட்சி முழுவதற்கும் கிடைத்த பரிசு அவ்வளவுதான். வரம்பில் நிற்கும் 2015 மட்டைக்கும் வரம்பில் நிற்கும் 2025 மட்டைக்கும் இடையே இந்த வகையில் கிடைக்கக்கூடியது ஏறக்குறைய பூஜ்ஜியம். பிரிட்டனில் சாதாரண ஆண் ஆட்டக்காரர்களின் சராசரி டிரைவ் 1996இல் சுமார் 200 கஜம், 2019இல் சுமார் 216 கஜம். ஆண்டுதோறும் ‘கூடுதலாகப் பத்து கஜம்’ என்று வந்த விளம்பரங்கள் உண்மையானால் இது எங்கோ போயிருக்க வேண்டும்.

அப்படியானால் அந்த இருபது மீட்டர்? பொய் சொல்கிறார்கள் என்று அர்த்தமில்லை. ஒருவர் மட்டையை மாற்ற நினைப்பது பெரும்பாலும் ஆட்டம் மோசமாக இருக்கும் மாதத்தில். மோசமான மாதம் தானாகவே முடியும். அந்த நேரம் பார்த்துக் கையில் புது மட்டை இருந்தால் பெயர் அதற்குப் போகும். கடையின் குளிர்சாதன அறையில் சோதிக்கும்போது முதலில் பழசை அடித்து, உடம்பு சூடேறிய பிறகு புதுசை அடிக்கிறார்கள். திரையில் தெரியும் தூரம் பந்து போன தூரமல்ல, கணினி கணித்த தூரம். புதுசில் அடித்த மிகச் சிறந்த அடி நினைவில் நிற்கும், பழசின் சராசரிதான் அதற்குப் போட்டி.

உண்மையான லாபமும் உண்டு, அதை மறைப்பது நியாயமில்லை. பழைய மட்டையின் சாய்வு ஆட்டக்காரரின் வீச்சுக்குப் பொருந்தாமல் பந்து அதிகம் சுழன்று மேலே ஏறி விழுந்துகொண்டிருந்தால், பொருத்தமான சாய்வும் தண்டும் உள்ள மட்டை பத்து, பதினைந்து மீட்டரைத் தரலாம். அது பொருத்தத்தின் லாபம். பத்து வருடப் பழைய மட்டையைப் பொருத்தமாக வாங்கினாலும் கிடைக்கும். இன்னொன்று மன்னிக்கும் குணம். நடுவில் படாத அடியில் தலை முறுகாமல் தாக்குப்பிடிக்க நிலைமத் திருப்புத்திறன் அதிகம் வேண்டும். 2024 தொடக்கத்தில் பிங் ஜி430 மேக்ஸ் 10கே, டெய்லர்மேட் கியூஐ10 மேக்ஸ் இரண்டும் பத்தாயிரத்தைத் தொட்டுவிட்டதாக முழங்கின. விதியில் வரம்பு 5,900 கிராம் சதுர சென்டிமீட்டர்தானே? அந்த வரம்பு செங்குத்து அச்சுக்கு மட்டும். கிடைமட்ட அச்சின் எண்ணையும் அதோடு கூட்டித்தான் பத்தாயிரம் வருகிறது. தலைகள் நிஜமாகவே நிலையானவை, பொறியியல் நேர்மையானது. எண்ணை மட்டும் வாங்குபவர் பிரித்துப் படிக்க வேண்டும்.

தண்டின் நீளத்தைப் பற்றி விளம்பரங்கள் அதிகம் பேசுவதில்லை. கடையில் கிடைக்கும் டிரைவர் பெரும்பாலும் நாற்பத்தைந்தரை அங்குலத்தைச் சுற்றியே இருக்கும். நீளம் கூடினால் வேகம் கூடும், அதோடு சிதறலும் கூடும். டைகர் வுட்ஸ் 2000ஆம் ஆண்டு வாக்கில் உலகையே கலக்கிய காலத்தில் அவர் கையில் இருந்தது நாற்பத்து மூன்றரை அங்குல எஃகுத் தண்டு. ரிக்கி ஃபௌலர் 2017இல் அதே நீளத்துக்கு இறங்கினார். முழுநேரமும் இதையே செய்பவர்கள் குட்டையான தண்டைத் தேர்ந்தெடுக்க, வாரத்துக்கு ஒருமுறை ஆடுபவருக்கு நீளமானது விற்கப்படுகிறது. இது திருத்தப்பட வேண்டிய அநியாயம்.

கைப்பிடி ரப்பரும் இருக்கிறது. சிங்கப்பூர் வெயிலிலும் வியர்வையிலும் அது சீக்கிரம் இறுகி வழவழத்துவிடும். பிடி வழுக்கினால் கை இறுகும், இறுகினால் வீச்சு குறுகும். ‘மட்டை செத்துப்போச்சு’ என்று தோன்றுவதற்கு இது ஒரு நிஜக் காரணம். புதுக் கைப்பிடி மாட்டுவதற்குச் சில பத்து வெள்ளி போதும்.

மாற்றுவதா வேண்டாமா என்று தெரிந்துகொள்ள, மட்டை பொருத்தித் தருபவர்கள் ஒரு வேலை செய்வார்கள். பாதத்துக்கு அடிக்கும் பவுடர் ஸ்ப்ரேயை முகத்தகட்டின் மேல் மெலிதாகத் தூவினால் வெள்ளைப் படலம் படியும். பந்து பட்ட இடம் குழிப்புள்ளிகளோடு அப்படியே பதியும். பழசு ஒரு அடி, புதுசு ஒரு அடி என்று மாறிமாறி, ஒரே வகைப் பந்தில், வெட்டவெளித் திடலில் அடித்து, ஒவ்வொரு மட்டைக்கும் பத்துப் பன்னிரண்டு தடங்கள் சேர்ந்த பிறகு இரண்டையும் அருகருகே வைத்துப் பார்க்க வேண்டும். இரண்டிலும் தடங்கள் தண்டுப் பக்கமாகவே கொத்தாக விழுந்திருந்தால் குறை மட்டையில் இல்லை. பந்துக்கு மிக நெருக்கமாக நிற்பது அதற்கு ஒரு காரணமாக இருக்கலாம். பழசில் சிதறி, புதுசில் நடுவில் கூடியிருந்தால் வாங்கலாம். ஆனால் அதற்கு முன் இரண்டின் நீளத்தையும் அளவு நாடாவால் அளந்துவிட வேண்டும். புதுசு அரை அங்குலம் குட்டையாக இருந்தால், பழைய தண்டை வெட்டி, தலையில் கொஞ்சம் எடை கூட்டினாலே அதே பலன் கிடைக்க நல்ல வாய்ப்பு உண்டு.