இரண்டே நிமிடத்தில் ஓர் ஆகாயப் பயணம்!

ஒரு சின்னக் கணக்கு. கோலாலம்பூர் அனைத்துலக விமான நிலையத்தில் ஓர் ஓடுபாதையின் நீளம் ஏறக்குறைய 4 கிலோமீட்டர். ஆனால், ஒரு விமான நிலையத்திலிருந்து மற்றொரு விமான நிலையத்திற்குப் பறக்கும் தூரமே 2.7 கிலோமீட்டர்தான் என்றால் நம்புவீர்களா?

உண்மைதான்! ஸ்காட்லாந்துக்கு வடக்கே, காற்று ஓயாத குளிர்க்கடலில் ஆர்க்னி என்னும் தீவுக்கூட்டம் இருக்கிறது. அதில் வெஸ்ட்ரே, பாப்பா வெஸ்ட்ரே என்று அடுத்தடுத்து இரண்டு தீவுகள். இவற்றுக்கிடையே லோகன்ஏர் நிறுவனம் 1967 முதல் விமானம் விட்டு வருகிறது. உலகிலேயே மிகக் குறுகிய அன்றாட விமானப் பயணம் இதுதான். எட்டுப் பேர் ஏறக்கூடிய குட்டி விமானம். விமானியின் பக்கத்து இருக்கையில்கூடப் பயணி உட்காரலாம்!

பயண நேரம் இரண்டே நிமிடம். காற்று பின்னாலிருந்து தள்ளிய ஒரு நாளில் 53 விநாடியில் போய் இறங்கியதுதான் சாதனை. பிள்ளைகளிடம் கொடுத்து வகுக்கச் சொல்லுங்கள். இரண்டு நிமிடம் என்றால் மணிக்கு 81 கிலோமீட்டர் வேகம். 53 விநாடி என்றால் மணிக்கு 183 கிலோமீட்டர். தூரம் ஒன்றுதான், நேரம் மட்டும் வேறு! காற்றின் திசை, கிளம்பும் பக்கம், ஓடுபாதையில் உருளும் நேரம் எல்லாம் சேர்ந்ததே பயணம்.

“இந்தத் தூரத்திற்கு விமானம் எதற்கு? நடந்தே போகலாமே!” என்று நினைப்பீர்கள். நடுவில் கடல் இருக்கிறதே! படகு உண்டு, ஆனால் குளிர்காலத்தில் அலை பொங்கினால் படகுப் பயணம் எளிதன்று. பாப்பா வெஸ்ட்ரேயில் 2011 கணக்கெடுப்பின்படி நூறு பேர்கூட இல்லை. பள்ளியில் விரல்விட்டு எண்ணும் அளவே பிள்ளைகள். அந்தச் சில பிள்ளைகளுக்காக ஆசிரியர்கள் விமானத்தில் வந்து போகிறார்கள். மருத்துவரும் வருகிறார், நோயாளிகளும் போகிறார்கள். ‘ஆள் குறைவு, இலாபமில்லை’ என்று சேவையை நிறுத்திவிடாமல், அங்குள்ள மன்றம் பொதுப்பணத்திலிருந்து உதவி செய்து நடத்துகிறது.

நம் நாட்டிலும் இதைப் போல ஓரிடம் உண்டு. சரவாக் மலைமேட்டில் கெலாபிட் மக்கள் வாழும் பாரியோவுக்கு மீரியிலிருந்து சிறு விமானத்தில் ஏறக்குறைய ஒரு மணி நேரம். காட்டுப்பாதையில் நான்கு சக்கர வாகனத்தில் போனால் பத்து மணி நேரத்திற்கும் மேல். மேகம் மூடிவிட்டால் விமானமும் வராது.

இவற்றிலிருந்து நாம் அறிவது என்ன? ஓர் ஊர் தொலைவா அருகா என்பதை மைல்கல் சொல்லாது. போய்ச் சேரும் நேரமே சொல்லும். செம்மண் பாதையும் அடைமழையும் கண்ட தோட்ட மக்களுக்கு இதை நான் சொல்லவா வேண்டும்?

ஆகவே, பாதைக்கோ பேருந்துக்கோ மனு எழுதும்போது, “பட்டணம் எட்டு மைல்” என்று மட்டும் எழுதி நிறுத்திவிடாதீர்கள். “மழை நாளில் பிரசவ வலி கண்ட பெண்ணை மருத்துவமனையில் சேர்க்க இவ்வளவு நேரமாகிறது” என்று கடிகாரம் பார்த்துக் குறித்து எழுதுங்கள். நூறு பேருக்கும் குறைவான ஒரு தீவுக்கு விமானம் வருகிறது. நம் வாசலுக்கு ஒரு நல்ல பாதை கேட்பது பேராசையாகுமா?