கம்பெனியோட 'மிஷன்' வரி... நிஜமா, வெறும் சுவர் அலங்காரமா? கண்டுபிடிக்க 4 கேள்விகள்!

நாளைக்குக் காலை 10 மணிக்கு இன்டர்வியூ. இப்போ ராத்திரி 11 மணி. சட்டையை அயர்ன் பண்ணியாச்சு, ரெஸ்யூமை பிரின்ட் எடுத்தாச்சு. கடைசியா ஒரு வேலை பாக்கி. மொபைல்ல அந்த கம்பெனியோட வெப்சைட்டைத் திறந்து 'அபவுட் அஸ்' பக்கத்துக்குப் போறீங்க. 'எங்கள் மிஷன்' என்ற தலைப்புக்குக் கீழே இப்படி ஒரு வரி: 'புதுமையான, உலகத்தரமான தீர்வுகள் மூலம் வாடிக்கையாளர்களுக்கும் பங்குதாரர்களுக்கும் அதிகபட்ச மதிப்பை வழங்குவோம்.'

ரெண்டு தடவை படிச்சாச்சு. அந்த கம்பெனி பிஸ்கட் செய்யுதா, பேங்க் நடத்துதா, சாஃப்ட்வேர் எழுதுதா... ஒண்ணும் பிடிபடலை. ஆனாலும் மனப்பாடம் பண்றீங்க. 'எங்க மிஷன் பத்தி என்ன தெரியும்?'னு ஹெச்.ஆர் கேட்டுட்டா?

ஒரு நிமிஷம். அந்த வரியை வெச்சு அவங்க உங்களைச் சோதிக்கிறதுக்கு முன்னாடி, நீங்க அந்த வரியைச் சோதிச்சுப் பார்க்கலாமே! உங்க இருபதுகளின் பகல் பொழுதில் பெரும்பகுதி அந்த கம்பெனிக்குத்தான் போகப்போகுது. எதுக்காகப் போகுதுன்னு தெரிஞ்சுக்கிறது உங்க உரிமை.

பஸ் போர்டு மாதிரி ஒரு வரி

மிஷன் ஸ்டேட்மென்ட் என்பது ரொம்ப எளிமையான விஷயம். 'இந்த நிறுவனம் எதுக்காக இருக்கு, யாருக்காக இருக்கு?' என்ற கேள்விக்கான பதில்தான் அது. ஸ்லோகன் வேற, அது பொருளை வாங்க வைக்கிறதுக்கான விளம்பர வரி. விஷன் வேற; அது பத்து, இருபது வருஷம் கழிச்சு எங்கே போய் நிக்கணும் என்கிற கனவு. மிஷன் என்பது இன்னிக்குக் காலையில ஷட்டரைத் தூக்குறதுக்கான காரணம்.

பஸ்ஸோட நெத்தியில இருக்கிற போர்டை நினைச்சுக்கோங்க. ஊர் பேர் தெளிவா இருந்தா, அங்கே போக வேண்டியவங்க ஏறுவாங்க. மத்தவங்க அடுத்த பஸ்ஸுக்குக் காத்திருப்பாங்க. 'எல்லா ஊருக்கும் போகும்'னு போர்டு மாட்டினா என்ன ஆகும்? ஒருத்தரும் நம்பி ஏற மாட்டாங்க. நிறைய கம்பெனிகளின் மிஷன் வரி இந்த 'எல்லா ஊர் பஸ்' ரகம்தான்.

அப்போ நல்ல வரி எப்படி இருக்கும்? உதாரணம் தேடி அமெரிக்கா வரைக்கும் போக வேண்டாம். முதல்ல மதுரைக்குப் போவோம்.

'தேவையில்லாத' என்ற ஒரு வார்த்தை

1976-ம் ஆண்டு. அரசுப் பணியிலிருந்து ஓய்வு பெற்ற கண் மருத்துவர் கோ.வெங்கடசாமி, மதுரையில் 11 படுக்கைகளோடு ஒரு மருத்துவமனையை ஆரம்பிக்கிறார். முடக்குவாதத்தால் விரல்கள் கோணிப்போனவர். அந்தக் கையோடே அறுவை சிகிச்சை செய்யப் பழகிக்கொண்டவர். அந்த 11 படுக்கைதான் இன்றைய அரவிந்த் கண் மருத்துவமனை. அதன் மிஷன் இதுதான்: தேவையில்லாத பார்வையிழப்பை ஒழிப்பது.

இந்த வரியில் எந்த வார்த்தை முக்கியம்? 'ஒழிப்பது' இல்லை, 'தேவையில்லாத' என்பதுதான்.

எல்லாப் பார்வையிழப்பையும் மருத்துவத்தால் சரிசெய்துவிட முடியாது. ஆனால், கண்புரையால் பார்வை போனால் ஒரு சின்ன ஆபரேஷனில் திரும்பக் கிடைத்துவிடும். அப்படியிருந்தும் ஒருவர் இருட்டில் இருக்கிறார் என்றால், காரணம் நோய் இல்லை. பணமோ, தூரமோ, தகவலோ கிடைக்காததுதான். அந்த இழப்பு 'தேவையில்லாதது'. ஒரே வார்த்தை, எதைச் செய்ய முடியும், எதைச் செய்தே ஆக வேண்டும் என்று கோடு போட்டுவிட்டது.

அதுக்கப்புறம் நடந்த பல விஷயங்களை அந்தக் கோட்டை வெச்சே புரிஞ்சுக்கலாம்.

கிராமங்களில் கண் முகாம் போட்டார்கள். ஆபரேஷன் இலவசம் என்றாலும் பலர் வரவில்லை. ஏன்? பஸ் செலவு, சாப்பாட்டுச் செலவு, துணைக்கு வருபவரின் ஒருநாள் கூலி... இதெல்லாம் இலவசம் இல்லையே! 'நாங்க ஃப்ரீயாத்தானே பண்றோம், வராதது அவங்க தப்பு'னு விட்டிருக்கலாம். ஆனா, ஒழிக்க வேண்டியது பார்வையிழப்பு என்று எழுதி வெச்சாச்சே. அதனால், அழைத்துப் போக வண்டி, சாப்பாடு எல்லாமே திட்டத்துக்குள் வந்தன.

அடுத்தது லென்ஸ். கண்ணுக்குள் வைக்கும் லென்ஸை வெளிநாட்டிலிருந்து வாங்கினால், அந்த விலையில் ஏழைகளுக்கு வைக்க முடியாது. 1992-ல் 'ஆரோலேப்' தொடங்கப்பட்டு, மதுரையிலேயே லென்ஸ் தயாராக ஆரம்பித்தது. விலை பல மடங்கு இறங்கியது.

ஆபரேஷன் தியேட்டரிலும் அதே கணக்கு. ஒரு டாக்டருக்கு இரண்டு மேஜைகள். ஒரு மேஜையில் அவர் ஆபரேஷனை முடிக்கும்போது, பக்கத்து மேஜையில் அடுத்த நோயாளி தயாராக இருப்பார். அதற்கான உதவியாளர்களாகக் கிராமத்து இளம்பெண்களைத் தேர்ந்தெடுத்துப் பயிற்சி கொடுத்தார்கள். பணம் கட்டுபவர்களின் கட்டணத்தில் மிஞ்சுவது, கட்ட முடியாதவர்களின் சிகிச்சைக்குப் போகிறது.

எல்லாத்தையும்விட முக்கியமான விஷயம், இந்த வேலை முறையை மற்ற மருத்துவமனைகளுக்கும் கற்றுத்தந்தார்கள். அதற்கென்றே 'லைக்கோ' என்ற பயிற்சி நிறுவனமும் உண்டு. சாதாரணமா ஒரு பிசினஸ் தன் தொழில் ரகசியத்தைப் பக்கத்துக் கடைக்காரருக்குச் சொல்லித் தருமா? 'இந்தியாவின் நம்பர் ஒன் கண் மருத்துவமனை ஆவோம்' என்பது இவர்களின் மிஷனாக இருந்திருந்தால், இதெல்லாம் நஷ்டக் கணக்கு. 'தேவையில்லாத பார்வையிழப்பை ஒழிப்போம்' என்பது மிஷன் என்பதால், யார் ஆபரேஷன் செய்தாலும் லாபக் கணக்குதான்.

இதைக் கவனிங்க. அந்த வரியில மருத்துவமனையைப் பத்தி ஒரு வார்த்தைகூட இல்லை. 'நாங்க எவ்வளவு பெரிய ஆள்'னு பேசலை. வெளியே இருக்கிற ஒரு பிரச்னையைக் கை காட்டுது, அவ்வளவுதான்.

வரிக்கும் ஒரு விலை உண்டு

நல்ல நாளில் எந்த வரியும் அழகாத்தான் இருக்கும். அது நிஜமான்னு கெட்ட நாள்லதான் தெரியும்.

அமெரிக்காவின் ஜான்சன் அண்டு ஜான்சன் நிறுவனத்தில், 1943-ல் ராபர்ட் வுட் ஜான்சன் ஒரு பக்க அளவில் ஒரு கொள்கை அறிக்கை எழுதினார். 'எங்கள் முதல் பொறுப்பு, எங்கள் பொருள்களைப் பயன்படுத்தும் டாக்டர்கள், நர்ஸுகள், மருத்துவமனைகள், தாய்மார்களுக்கு' என்று தொடங்கி, ஊழியர்கள், சமூகம் என வரிசையாகப் போகும். பங்குதாரர்களுக்குக் கடைசி இடம்.

1982-ல் அந்த வரிசைக்குச் சோதனை வந்தது. சிகாகோ பகுதியில், கடைகளில் இருந்த டைலினால் மாத்திரைகளில் யாரோ சயனைடு கலந்துவிட்டார்கள். 7 பேர் இறந்தார்கள். விஷம் கலந்தது கம்பெனி இல்லை. மரணங்கள் நடந்ததும் ஒரே ஒரு பகுதியில்தான். இருந்தாலும், நாடு முழுக்கக் கடைகளில் இருந்த சுமார் 3.1 கோடி பாட்டில்களைத் திரும்பப் பெற்றார்கள். செலவு, 10 கோடி டாலருக்கும் மேல். 'முதல் பொறுப்பு யாருக்கு?' என்பதற்குப் பதில் ஏற்கெனவே எழுதப்பட்டிருந்தது; அந்தப் பதிலின்படி நடந்தார்கள். பிறகு, யாராவது திறந்திருந்தால் உடனே தெரிகிற மாதிரி புது பேக்கிங்கில் டைலினால் மறுபடி கடைக்கு வந்தது.

ஆனா, கதை இங்கேயே முடிஞ்சா நல்லாருக்கும். முடியலை. பல வருஷம் கழித்து, அதே நிறுவனத்தின் டால்க் பவுடர் புற்றுநோய் உண்டாக்கியதாக ஆயிரக்கணக்கான வழக்குகள் வந்தன. பவுடர் பாதுகாப்பானது என்பதுதான் நிறுவனத்தின் வாதம். ஆனாலும், டால்க் கலந்த பேபி பவுடர் விற்பனையை 2023-ல் உலகம் முழுக்க நிறுத்திக்கொண்டது. 1943-ல் எழுதிய வரி 1982-ல் காப்பாற்றியது என்பதற்காக, எல்லாக் காலத்துக்கும் நற்சான்றிதழ் கிடைத்துவிடாது. அதை ஒவ்வொரு முறையும் புதுசா சம்பாதிக்கணும்.

அழகான வார்த்தை, காலியான கல்லா

இப்போ எதிர்ப்பக்கம் பார்ப்போம். மரியாதை, நேர்மை, தகவல் பரிமாற்றம், உயர்தரம்... இந்த நாலும் யாரோட கொள்கைகள் தெரியுமா? அமெரிக்க எனர்ஜி நிறுவனமான என்ரானோட கொள்கைகள். கணக்குப் புத்தகத்தில் கடன்களை மறைத்து, லாபத்தை ஊதிக் காட்டிய மோசடி வெளியே வந்து, 2001 டிசம்பரில் அந்த நிறுவனம் திவாலானது. ஆயிரக்கணக்கான ஊழியர்கள் வேலையை மட்டுமல்ல, ஓய்வுக்காலச் சேமிப்பையும் இழந்தார்கள். 'நேர்மை' என்று எழுதி வைத்தது ஒருத்தரையும் காப்பாற்றவில்லை.

இன்னொரு வகையும் இருக்கு. பொய் இல்லை, ஆனா ரொம்ப உயரத்துல பறக்கும். ஆபீஸ் இடத்தை வாடகைக்கு எடுத்து, பிரிச்சு, உள்வாடகைக்கு விடுகிற பிசினஸ், வீவொர்க். 2019-ல் பங்குச் சந்தைக்கு வருவதற்கான ஆவணத்தில் அவர்கள் எழுதிய மிஷன் என்ன தெரியுமா? 'உலகத்தின் பிரக்ஞையை உயர்த்துவது.' நாற்காலி, மேஜை, வைஃபை வாடகைக்கும் பிரக்ஞைக்கும் என்ன சம்பந்தம்னு படிச்சவங்க கேட்டாங்க. அதைவிடப் பெரிய கேள்வி, அதே ஆவணத்தில் இருந்த நஷ்டக் கணக்கு. அடுத்த மாசமே பங்கு வெளியீட்டைக் கைவிட்டார்கள். 2023 நவம்பரில் திவால் பாதுகாப்புக் கோரினார்கள்.

ரெண்டு வரிகளிலும் ஒரே குறைதான். அன்னிக்கு ஆபீஸ்ல உட்கார்ந்திருந்த ஒரு ஊழியர், 'இதைப் பண்ணலாமா, வேண்டாமா?' என்று அந்த வரியைப் பார்த்து முடிவெடுக்க முடியாது. முடிவெடுக்க உதவாத வரி, ஃபிரேம் போட்டு மாட்டின படம் மாதிரி. தூசிதான் தட்டணும்.

அந்த 4 கேள்விகள்

இனிமே எந்த கம்பெனியோட மிஷனைப் பார்த்தாலும், இந்த நாலு கேள்வியைக் கேட்டுப் பாருங்க.

1. பேரை மாத்தினா பொருந்துமா? கம்பெனி பேரை எடுத்துட்டு வேற கம்பெனி பேரைப் போடுங்க. அப்பவும் பொருந்தினா, அது யாரோட வரியும் இல்லை. உலகத்தின் தகவல்களை ஒழுங்குபடுத்தி, எல்லோருக்கும் கிடைக்கும்படி, பயன்படும்படி செய்வது என்பது கூகுளின் மிஷன். இதைத் தூக்கி ஒரு சிமென்ட் கம்பெனிக்கு வைக்க முடியாது.

2. யாருக்கு என்ன மாறும்? 'மதிப்பு', 'தீர்வு', 'சிறப்பு' மாதிரி வார்த்தைகளைத் தள்ளிட்டுப் பாருங்க. ஒரு மனுஷன், அவருக்கு ஒரு மாற்றம். இந்த ரெண்டும் மிஞ்சுதா?

3. நடந்ததா இல்லையான்னு சரிபார்க்க முடியுமா? மைக்ரோசாஃப்ட்டின் ஆரம்ப கால இலக்கு, 'ஒவ்வொரு மேஜையிலும், ஒவ்வொரு வீட்டிலும் ஒரு கம்ப்யூட்டர்.' படிச்ச உடனே கண்ணுக்குள்ள படம் ஓடுதில்ல? எவ்வளவு தூரம் வந்திருக்கோம்னு எண்ணிப் பார்க்க முடியும். பல நாடுகளில் அது கிட்டத்தட்ட நிறைவேறியும் விட்டது. சத்யா நாடெல்லா தலைமைக்கு வந்த பிறகு, 2015-ல் புது மிஷன் எழுத வேண்டியிருந்தது.

4. இந்த வரிக்காக எதை இழந்திருக்காங்க? நாலுல இதுதான் ராஜா. 2011-ல், அமெரிக்காவில் தள்ளுபடி விற்பனை உச்சத்தில் இருக்கும் 'பிளாக் ஃப்ரைடே' அன்று, பட்டகோனியா என்ற ஆடை நிறுவனம் நியூயார்க் டைம்ஸில் முழுப்பக்க விளம்பரம் கொடுத்தது. தன்னுடைய ஜாக்கெட் படத்தைப் போட்டு, 'இந்த ஜாக்கெட்டை வாங்காதீங்க' என்றது. தேவையில்லாம வாங்குறது பூமிக்குப் பாரம் என்பது அவங்க வாதம். அதுவும் ஒரு விளம்பர உத்திதானே என்ற விமர்சனமும் வந்தது. ஆனால், 2022-ல் அதன் நிறுவனர் இவான் சூனார்டும் குடும்பமும், நிறுவனத்தின் உரிமையையே ஓர் அறக்கட்டளைக்கும் சுற்றுச்சூழல் அமைப்புக்கும் மாற்றிக் கொடுத்துவிட்டார்கள். 'பூமியைக் காப்பாற்றவே தொழில் செய்கிறோம்' என்ற வரிக்கு அவங்க கொடுத்த விலை அது.

நீங்களே எழுதறதா இருந்தா?

ஃப்ரெண்ட்ஸோட சேர்ந்து ஒரு கிளவுட் கிச்சனோ, ஆப்போ, இன்ஸ்டாகிராம் கடையோ ஆரம்பிக்கிற ஐடியா இருக்கா? மிஷன் எழுத ஏஜென்சி எல்லாம் வேண்டாம். ஒரு பேப்பர் எடுங்க. 'நாங்க இல்லைன்னா யாருக்கு என்ன கஷ்டம்?'னு எழுதுங்க. அதுக்குக் கீழே, 'பணம் வந்தாலும் எதைச் செய்ய மாட்டோம்?'னு எழுதுங்க. ரெண்டையும் சேர்த்து ஒரே வரியாக்கி, உங்க அம்மாகிட்ட வாசிச்சுக் காட்டுங்க. 'அப்படின்னா?'னு கேட்டா, திரும்ப எழுதுங்க. 'ஓ, இதுக்காகவா!'ன்னா, பாஸ்.

உதாரணமா, 'தரமான, சுவையான உணவு அனுபவம்' என்பது எல்லா ஊர் பஸ். 'நைட் ஷிஃப்ட் முடிச்சு வர்றவங்களுக்கு, ராத்திரி 2 மணிக்கும் வயித்தைக் கெடுக்காத வீட்டுச் சாப்பாடு' என்பது மிஷன். இதை எழுதிட்டா, பழைய எண்ணெயைத் திரும்ப ஊத்தலாமான்னு விவாதமே வராது. வரியே பதில் சொல்லிடும்.

சரி, ராத்திரி 11 மணிக்குத் திரும்ப வருவோம். அந்த 'உலகத்தரமான தீர்வுகள்' வரியை மனப்பாடம் பண்ண வேண்டாம். இன்டர்வியூ கடைசியில, 'உங்களுக்கு ஏதாவது கேட்கணுமா?'னு கேப்பாங்க இல்லையா? அப்போ சிரிச்ச முகத்தோட இதைக் கேளுங்க: 'சார், உங்க மிஷனைப் படிச்சேன். அதுக்காக சமீபத்துல ஏதாவது ஆர்டரையோ, லாபத்தையோ வேண்டாம்னு விட்டிருக்கீங்களா?'

அவங்க யோசிச்சு ஒரு நிஜ சம்பவத்தைச் சொன்னா, அந்த பஸ்ஸுல நம்பி ஏறலாம். சொல்ல ஒண்ணும் இல்லைன்னாலும் தப்பில்லை. சம்பளம் நல்லாருந்தா, தேவை இருந்தா, தாராளமா சேருங்க. ஆனா, அந்த பஸ் எந்த ஊருக்கும் போகலைன்னு தெரிஞ்சே ஏறுங்க. உங்க ஊர் எதுன்னு நீங்க மறக்காம இருந்தா போதும்!